சந்தனம் அடைத்த மைக்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருந்தாலும் எண்பதுகளில் விழுப்புரத்தில் ரேடியோ ரிப்பேருக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. எஞ்சினியருக்குப் படித்தவர்களே செட்டைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். அதனால்தான், திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில்லில் மிஷின் ஓட்டிய என் மனைவியின் தம்பிக்கு வேலை போகப்போகிறது என்று கேள்விப்பட்டதும், "நான் இருக்கும்போது போய்விடுமா?" என்று வீட்டில் சவால் விட்டேன்.

மச்சானுக்குக் காது மந்தம். அத்தனை வருடம் அந்த இரைச்சலில் நின்றால் யாருக்குத்தான் கேட்கும்? மல்லாட்டையோடு கல் விழுந்தால் 'டணார்' என்று சத்தம் வரும். உடனே மிஷினை நிறுத்தாவிட்டால் உள்ளே சல்லடை கிழிந்துவிடும். அது கேட்காமல் இரண்டு சல்லடை போய்விட்டது. மூன்றாவது போனால் வீட்டுக்குப் போ என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நான் ஒரு பெட்டி செய்தேன். பழைய டேப் ரெக்கார்டரின் மைக், இரண்டு டிரான்சிஸ்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு பல்பு. பெரிய சத்தத்துக்கு மட்டும் பல்பு எரியும். எவ்வளவு பெரிய சத்தம் என்பதற்கு ஒரு திருகு. கடையில் தகரத்தைத் தட்டியபோது ஜோராக எரிந்தது. மில்லிலோ மிஷின் இரைச்சலுக்கே எரிந்து நின்றது. மறுபடி விழுப்புரம், மறுபடி திண்டிவனம். ஒரு வாரம் இப்படியே அலைந்தேன். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. கடைசியில் ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்று திருகைத் திருப்பி, கல்லுக்கு மட்டும் எரியும்படி செய்துவிட்டேன்.

மறுநாள் முதலாளி முன்னால் பரீட்சை. புதுச் சாமானைப் பொட்டு வைக்காமல் ஓட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் வருவதற்குள் சூடம் காட்டி, பெட்டியின் நடுவில் நெற்றிபோல் இருந்த வட்டத்தில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்தேன்.

கிழிந்த பழைய சல்லடையை மாட்டி மச்சான் மிஷினைப் போட்டான். முதலாளி ஒரு கல்லை உள்ளே போட்டார். டணார்! பல்பு எரியவில்லை. மச்சான் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"செவுடனுக்கு ஒரு செவுட்டுப் பொட்டி! நல்லாத்தான் ஜோடி சேத்துக்கினு வந்தீங்க!" என்று முதலாளி சிரித்தார்.

நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். பேட்டரியைப் பார்த்தேன், ஒயரை இழுத்துப் பார்த்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது: அந்த வட்டம்தான் மைக்கின் வாய். சந்தனம் காய்ந்து ஓட்டையெல்லாம் அடைத்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்து, குண்டூசியால் குத்தி எடுத்தேன். அடுத்த கல்லுக்குப் பல்பு எரிந்தது. மச்சான் சட்டென்று நிறுத்தினான்.

"மைக் மேல சந்தனம் அப்பினது யாருய்யா?" என்று முதலாளி அதட்டினார்.

நான் ஒயரைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் முகத்தையும் என் வேட்டிக் கறையையும் பார்த்த மச்சானுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நாந்தாங்க" என்றான்.

"காதுதான் போச்சு, புத்தியுமா? பொட்டி இருக்கட்டும், அதப் பாத்துக்க வேற ஆள் போட்டுக்கறேன். நீ நாளைக்கு வராத."

நான் அப்படியே விழுப்புரம் பஸ் ஏறிவிட்டேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னல் பக்கம் மாறினேன். வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு திரும்பினேன்.

மச்சான் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். மல்லாட்டை புடைக்கிற பெண்கள் எல்லோரும் பார்க்க, "மொதலாளி, சந்தனம் வெச்சது நானுங்க. அவன் இல்ல" என்றேன்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"என் பேரு கெட்டுடும்னுதாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, போய் மிஷினைப் போடு என்று கையைக் காட்டினார்.

நடந்ததையெல்லாம் அவன் காதில் கத்திச் சொன்னேன்.

"இதச் சொல்றதுக்கு கூட்டேரிப்பட்டு வரைக்கும் போய்க்கினு வரணுமா, மாமா?" என்றான்.

பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதற்குப் பிறகு மச்சான் அங்கே இருந்தவரை ஒரு சல்லடைகூடக் கிழியவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.