தோப்போரம் நான் வரைந்த சரிவு

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. ஹைதராபாத் கொண்டாப்பூரில், கணினியில் நிலவரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பட்டான்செருவைத் தாண்டிச் சில கிராமங்களில், மழைக்கு மண் அரித்துப்போகாமல் இருக்க ஒரு தொண்டு நிறுவனம் நீளப் பள்ளங்கள் வெட்ட இருந்தது. எங்கே வெட்டுவது என்று சொல்ல வேண்டியவள் நான். சரிவு கூடினால் மண் ஓடுவதும் கூடும். செயற்கைக்கோள் தரும் உயரங்களை வைத்துச் சரிவைக் கணக்கிட்டு, ஆபத்தான இடங்களைச் சிவப்பாகக் காட்டுவேன்.

வரைபடத்தைக் கொடுக்குமுன் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். அதற்கு அலுவலகத்தில் காரே கொடுத்தார்கள். அப்போது சித்திரை மாதம், வெயிலை நினைத்துப் பார்த்தேன். ஏசியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. "ஃபீல்ட் செக் அயிந்தா?", நேரில் பார்த்தாயிற்றா என்று மேலாளர் கேட்டபோது, "அயிந்தி சார்" என்றேன் கூசாமல். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கு பொய் சொல்ல மட்டும் நன்றாகவே கைகொடுத்தது.

ஆடியில், பள்ளம் வெட்டிய வேலையைப் பார்க்க வரச்சொல்லித் தொண்டு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. போட்டோ எடுப்பார்கள் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு மேலாளருடன் கிளம்பினேன். காரை விட்டு இறங்கிப் பார்த்தேன். என் வரைபடத்தில் அடர்சிவப்பாக இருந்த பருத்தி நிலம் தோசைக்கல் மாதிரி சமமாகக் கிடந்தது! அதை ஒட்டி உயரமான தைலமரத் தோப்பு. மேலிருந்து அளக்கும் செயற்கைக்கோளுக்கு அடர்ந்த மரங்களின் உச்சிதான் தரை. தோப்பு முடிந்து வயல் தொடங்கும் இடம் அதன் கணக்கில் செங்குத்துச் சரிவு. படிக்கும்போதே சொல்லிக்கொடுத்த பாடம்தான் இது. நான் போட்ட கோட்டிலேயே பொக்லைன் ஆழமாக வெட்டி, மண்ணை இருபுறமும் குவித்திருந்தது. முளைவிட்ட பருத்தி அதற்கடியில் போயிருந்தது.

நிலத்துக்காரப் பெண்மணி வந்தார். என் வயதுதான் இருக்கும். சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன், கும்பிட்டார். "எங்க கண்ணுக்குச் சமமாத்தான் தெரிஞ்சுது மேடம். சேட்டிலைட்டுக்குத்தானே உண்மை தெரியும்? ஓடிப்போற மண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்றது, வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம்" என்றார் தெலுங்கில். வாங்குகிறவர் நாளைக்கே நிலத்தைப் பார்க்க வருகிறாராம்.

மேலாளர் பக்கத்திலேயே நின்றார். சொன்னால் என் பொய் அம்பலமாகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்மணியின் நிலம் போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் யோசித்தேன். செயற்கைக்கோள் தலையில் பழியைப் போட்டுத் தப்பித்துவிடலாமா என்றுகூடக் கணக்குப் போட்டேன். எழுதவே கூசுகிறது.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "விக்காதீங்க. நிலத்துல ஒரு குறையும் இல்லை. மரத்தைத் தரைன்னு நினைச்சு வரைஞ்சது என் தப்பு. நான் இங்கே வந்து பார்க்கவே இல்லை" என்று உடைந்த தெலுங்கில் சொன்னேன். மேலாளர் பார்த்த பார்வையை விடுங்கள், அது எனக்கு வேண்டியதுதான்.

அந்தப் பெண்மணி முகம் மலர்ந்து, தூரத்தில் நின்ற கணவரைக் கூவி அழைத்து, நிலம் நன்றாகத்தான் இருக்கிறதாம் என்றார். அப்புறம் பள்ளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒக்கசாரி ஒச்சி சூஸ்தே சரிப்போயேதி கதா மேடம்?" என்றார். ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் போதுமே என்று. கோபமாகக் கேட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன். நிஜமாகவே புரியாமல் கேட்டார். வெயிலுக்குப் பயந்தேன் என்று, வெயிலிலேயே விளைவிக்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

பள்ளத்தை மூடினார்கள். நிலத்தை அவர் விற்கவில்லை. அந்தப் போகம் போனது போனதுதான். யானைக்கும் அடி சறுக்கும் என்று என் கணவர் தேற்றினார். யானை சறுக்கினால் யானைதான் விழும். இங்கே விழுந்தது வேறு ஒருவர்.

பொய் சொல்லி மாட்டிக்கொண்டு வெட்கப்பட்டது எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒருவர் தன் கண்ணைவிட என்னை நம்பிவிட்டாரே என்று கூனிக்குறுகி நின்றது அன்றுதான். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.