தியாகம் செய்யாத கதிரேசன்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நமது கதிரேசன் காலமான செய்தி வந்தபோது, நான் தலவாக்கலையில் ஒரு சலூன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மீசைக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியவன் செய்கிற காரியம்தான். ஆனால் பாதி மீசை முடிந்த நேரம் பார்த்துச் செய்தி வந்தது. துணிக்கடை காதர் நானா வாசலில் நின்று, "மாஸ்டர், நம்ம கதிரேசன் மவுத்தாயிட்டாரு. பள்ளிக்கூடத்துக்குப் பொறப்பட்டவரு வாசப்படியில உக்காந்தாராம், அவ்வளவுதானாம்" என்றார். கழுத்துத் துணியை உருவிப் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். வலது பக்கம் இளைஞனாகவும் இடது பக்கம் கிழவனாகவும் போய் நின்ற என்னைப் பார்த்ததும், அழுதுகொண்டிருந்த பெண்கள் சிலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். துக்கம் தாங்காமல்தான் என்று நினைத்து நானும் அவர்களைத் தேற்றினேன்.

வாராவாரம் இந்தப் பத்தியைச் சிரிப்பதற்காகப் படிப்பவர்கள் இதற்குள் சிரித்துவிட்டால் நல்லது. இனி வருவது கோபம். கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. தேயிலைத் தோட்டத்துப் பழைய பெரிய கிளாக்கர், ஓய்வு பெற்ற பிறகும் உத்தியோகக் குரல் ஓய்வு பெறாதவர், மேடையேறிப் பேசினார். "மேல்படிப்புக்கு இந்தியாவில் இடம் கிடைத்தும், நம் தோட்டத்துப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அதை உதறித்தள்ளிய தியாகச் செம்மல்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. கதிரேசன் எதையும் உதறவில்லை. பசித்தவனின் முன்னாலிருந்து இலையை இழுத்துவிட்டு, அவன் விரதம் இருந்தான் என்று புகழ்கிற பேச்சு இது. அவனை அறிந்த நீங்களும் கைதட்டினீர்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நடந்ததைச் சொல்கிறேன். நண்பன் என்ற உரிமையில் 'அவன்' என்றே எழுதுகிறேன். நாங்கள் இருவரும் டயகமப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியர்கள். தபால் வழியாகப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். தென்னிந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் பொருளாதார எம்.ஏ. வகுப்புக்கு நுழைவுத் தேர்வு வைக்கிறது, தேர்வைக் கொழும்பிலேயே எழுதலாம் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காதர் நானாவின் கடைப் பின்னறையில் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து படிப்போம். வாடிக்கையாளர் பூப்போட்ட சீத்தைத் துணி கேட்டால் கதிரேசன் எழுந்து நிற்க வேண்டும். வெள்ளை கேட்டால் நான். சம்பள நாளை அடுத்த ஞாயிறுகளில் நாங்கள் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் படித்தோம். நானா எட்டிப் பார்த்து, "என்னா மாஸ்டர், இன்னைக்குப் படிப்பு உக்காரவே மாட்டேங்குது?" என்பார்.

ஒரு நாள் உற்பத்திக் காரணிகள் பற்றிய பாடம் வந்தது. நிலம், உழைப்பு, மூலதனம் என்று நான் கிளிப்பிள்ளையாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கதிரேசன் புத்தகத்தை மூடிவிட்டான். "மாஸ்டர், எங்கம்மா இந்தப் புஸ்தகத்துல இருக்காங்க, பாத்தீங்களா? நெலத்துக்கும் மொதலுக்கும் நடுவுல. ஆனா ஆளுன்னு போடல, காரணின்னு போட்டிருக்கான். போயி மேல படிச்சுப் பாக்கணும், எந்தப் பக்கத்துலயாவது ஆளுன்னு போட்டிருக்கானா இல்லையான்னு." இதற்காகத்தான் அவன் அந்த எம்.ஏ.யைக் கேட்டான். பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டவன் நான்.

தேர்வுக்குப் புறப்பட்ட அன்று அவனுடைய அம்மா முத்தம்மா எங்களைத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், ரோதை என்கிற இயந்திரச் சக்கரத்தைக் காக்கும் ரோதை முனியிடம் கூட்டிப்போனார். "மாரியம்மா இருக்கும்போது இவரு எதுக்கும்மா?" என்று கேட்டேன். "மாரியம்மாவுக்குத் தமிழு மட்டுந்தானே தெரியும் மாஸ்டர். பரீச்ச இங்கிலீசுல. இவரு இங்கிலீசு மிசினுக்குள்ளயே குடியிருக்கிறவரு" என்றார். மறுக்க முடியாத வாதம். பூசாரி திருநீற்றோடு ரோதையின் மசகையும் குழைத்து எங்கள் நெற்றியில் அப்பினார். திருநீறு தலவாக்கலையிலேயே உதிர்ந்துவிட்டது. மசகு கொழும்பு வரை வந்தது. தேர்வு மண்டபத்தில் கண்காணிப்பாளர் எங்கள் நெற்றியைப் பார்த்துவிட்டு, "மின்சாரம் சரிபார்க்கிறவர்கள் பின்பக்கம் போங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கதிரேசன் சிரித்துக்கொண்டே போய் இடத்தில் உட்கார்ந்தான். நான் அந்த அவமானத்தில் முதல் கேள்வியைத் தவறாகப் படித்தேன் என்று இன்றும் சொல்லி வருகிறேன். மற்றக் கேள்விகளுக்கு என்ன காரணம் என்று யாரும் இதுவரை கேட்கவில்லை.

பிறகு முடிவுக்காகக் காத்திருந்தோம். "காத்திருக்கிறதுல நம்ம சனத்த யாரும் அடிச்சுக்க முடியாது மாஸ்டர். விடியறதுக்கு முன்னாடி வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல போயி நின்னே பழகுன ஆளுங்க" என்பான். ஆனால் தபால் பை வரும் நேரத்தில் அவனுடைய வகுப்பில் சுண்ணாம்புக் கட்டி உடையும். ஒரு கணக்கையே திரும்பத் திரும்ப எழுதுவான். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத்தான் தபால்காரர் வளைவில் ஏறுவது முதலில் தெரியும். அவருக்கு அவர்கள் கற்றுக்கொடுத்திருந்த ஏற்பாடு ஒன்று உண்டு. கதிரேசனுக்கு ஏதாவது வந்திருந்தால் அவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் மடக்கிக்கொண்டு. நம் ஊர் மழையில் இது நடக்கிற காரியமா? பாவம், அந்தக் கிழவர் பல நாள் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே மலையேறினார்.

எனக்கு ஒரு தபாலட்டை போதும் என்று அந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்திருந்தது. தபால்காரர் வழியிலேயே அதைப் படித்துவிட்டு, "மனச விட்ராதீங்க மாஸ்டர்" என்று ஆறுதலையும் சேர்த்துக் கொடுத்தார். கதிரேசனுடையது நீண்ட உறை. நல்ல வெயிலில் குடை விரிந்தது. மலை முழுக்கக் கூவியது. ஆனால் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருப்பவர்களின் தபால், கந்தோர் என்கிற தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வரும். அதே பெரிய கிளாக்கர் அதை உடைத்துப் படித்து, மாலைப் பெரட்டு வரை மேசை மேல் வைத்திருந்தார். பெரட்டில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்ன வாழ்த்து இதுதான்: "முத்தம்மா மகனுக்கு இந்தியாவுல எடம் கெடச்சிருக்கு. அப்ப காம்பரா எப்ப காலியாகும்?"

நம் தோட்டங்களில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் போனவர்கள்தான். படித்துவிட்டுத் திரும்பி வருவதற்காக ஒருவன் கப்பலேறுவான் என்று யார் கண்டது? மறுநாள் காலையே முத்தம்மாவின் லயத்து அறையான அந்தக் காம்பராவைப் பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கெட்டவர்கள் அல்ல. ஒரே அறையில் இரண்டு குடும்பமாக நெருக்கியடித்துக் கிடந்தவர்கள். ஒருத்தி வாசலில் நின்று முழம் போட்டாள். "அக்கா, அம்மிய விட்டுட்டுத்தானே போவீங்க?" என்று இன்னொருத்தி கேட்டாள். முத்தம்மா அன்று முழுவதும் அம்மியின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

நானும் கதிரேசனும் கொழும்புக்குப் போனோம். இலங்கை அரசாங்கக் கந்தோரில், இந்தியாவிலிருந்து வந்த தோட்டக் கூலிகளின் வம்சம் நீ, இந்த நாட்டுப் பிரஜை இல்லை, பாஸ்போர்ட் தர முடியாது என்றார்கள். இந்தியத் தூதரகக் கந்தோரில், எங்கள் பிரஜையாகப் பதிந்துகொள், தருகிறோம், ஆனால் திரும்பி வருவதானால் விருந்தாளியாகத்தான் வரலாம், அதையும் அந்த முதல் கந்தோர்தான் முடிவு செய்யும் என்றார்கள். மறுபடியும் முதல் கந்தோர். "இரண்டு வருடம் படித்துவிட்டு வந்துவிடுவேன் ஐயா. அம்மா இங்கே இருக்கிறார். நான் இங்கே பிறந்தவன்" என்று கதிரேசன் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னான். அந்த அதிகாரி தலையைத் தூக்காமல், "திரும்பி வருவதற்கு நீ இங்கிருந்து போயிருக்க வேண்டும். சட்டப்படி நீ இங்கே இல்லையே" என்றார். நான் மேசையில் ஓங்கி அடித்தேன். மைக்கூடு கவிழ்ந்து என் வேட்டியில்தான் கொட்டியது. கதிரேசன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, "விடுங்க மாஸ்டர். இல்லாத ஆளுக்காக இருக்கிற வேட்டிய ஏன் பாழாக்குறீங்க" என்றான்.

சேருவதற்கான கெடு முடிந்து இடம் போனது. அவன் பழையபடி வகுப்புக்குப் போய்க் கணக்குப் போட்டான். இதற்குப் பெயரா தியாகம்? போன வருடம் இலங்கையும் இந்தியாவுமாக இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து நம்மைத் தலைக்கணக்குப் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டன. கப்பல் ஏறப்போகும் லட்சக்கணக்கான பேரையும் நாளை ஒரு பெரிய கிளாக்கர் மேடையேறித் தியாகிகள் என்பார். நாமும் தட்டுவோம்.

கதிரேசனுக்குக் கோபப்படத் தெரியாது. அவன் படவேண்டிய கோபத்தையும் சேர்த்து இத்தனை வருடம் நான்தான் பட்டுவந்தேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கூட்டம் முடிந்ததும் அவன் மனைவி மீனாட்சியிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாள்:

"அண்ணே, அந்த வருசம் அந்த வகுப்பே நடக்கலியாம். ஆளு சேரலன்னு மூடிட்டாங்களாம். இவருகூடப் பரீச்ச எழுதுன கொழும்புப் பையன் ஒருத்தர் போயிட்டுத் திரும்பி வந்து சொன்னாராம். எங்களுக்குக் கல்யாணம் ஆவுறதுக்கு முந்தியே இவருக்குத் தெரியும். உங்ககிட்ட மட்டும் சொல்லிறாதன்னாரு. 'எனக்காக ஒருத்தராவது கோவப்பட்டுக்கிட்டு இருக்கட்டுமே'ன்னாரு."