மழைக்கால அளவு

மச்சானின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பித்தளைத் தோட்டாக் கூடு கிடக்கும். அடிப்பக்கம் புடைத்து, ஒரு ஓரம் பிளந்துபோன கூடு. கதைத்துக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் பைக்குள் போகும். பெருவிரல் அந்தப் பிளவைத் தடவும். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இருப்புக்கொள்ளாது.

மச்சான் என் ராத்தாவின் கணவர்; அக்காவை நாங்கள் ராத்தா என்போம். மன்னாரை விட்டு வந்தபின், வண்ணாத்திவில்லுப் பக்கம் களப்போரத்தில் ஒரு துண்டுக் காணி பிடித்து மரவள்ளி நட்டவர். அவர்கள் வீட்டில்தான் நானும் சில வருடம் இருந்தேன். மனுசன் ஓரிடத்தில் நிற்க மாட்டார். தேத்தண்ணியைக்கூட நடந்துகொண்டே குடிப்பார். அப்படிப்பட்டவர் தோட்டாவுக்கு வெடிமருந்து நிரப்ப உட்கார்ந்தால் ஆளே மாறிவிடுவார். காட்டுப் பன்றியிடமிருந்து பயிரைக் காக்கவென்று அனுமதியோடு கிடைத்த ஒரு துவக்கு, அதாவது துப்பாக்கி, அவரிடம் இருந்தது. கடைத் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், வெடித்த கூட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம்.

களப்பின் உப்புநீர்க் காற்றில் எதுவும் காய்ந்து கிடக்காது. சீனி கசியும், நெருப்புப்பெட்டி நமத்துப்போகும், மருந்தும் அப்படித்தான். மாரி மழையில் நமத்த மருந்துக்கு வேகம் இல்லையென்று எல்லோரும் அளவைக் கூட்டிக்கொள்வார்கள். பிறகு கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் காய்ந்த புது மருந்து வரும். கையோ பழைய அளவிலேயே போகும். மச்சான் மட்டும் புது மருந்து வந்தால் பழைய அளவை மறந்துவிட்டு, ஆகக் குறைவிலிருந்து தொடங்குவார். துவக்கை மரக்குற்றியில் கட்டி, மண்மேட்டுக்குப் பின்னால் பதுங்கிக் கயிற்றை இழுப்பார். வெடித்த கூட்டை வெயிலில் பிடித்து, புடைப்போ பிளவோ தெரிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கூட்டுவதைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான். "குறைச்சிப் போட்டா பண்டி தப்பும், கூட்டிப் போட்டா நான் தப்ப மாட்டன்" என்பார்.

ராத்தாவுக்கு இந்த நிதானம் வேப்பங்காய். ஒரு வெயில் காலத்தில் பன்றிகள் காணியில் பாதியைக் கிண்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தன. அடுத்த வருடம் நடுவதற்கான மரவள்ளித் தடிகூட மிஞ்சவில்லை. முற்றத்தில் நின்று அவள் பொரிந்து தள்ளினாள்.

"உங்கட வெடியக் கேட்டா பண்டி சிரிக்குது. அங்கால காணிக்காரன் ஒரே வெடியில விரட்டுறான். நீங்க இரிந்து கயிறு இழுங்க!"

மச்சான் அன்று பின்னேரம் புது மருந்தைத் திறந்து, மழைக்கால அளவை அப்படியே போட்டார். குற்றியில் கட்டவும் இல்லை. தோளில் வைத்தே சுட்டார்.

வழக்கமான சத்தமல்ல என்பது எங்கள் இருவருக்கும் உடனே விளங்கியது. ராத்தா செருப்பில்லாமல் முள்ளுக்குள்ளால் ஓடினாள். மச்சான் மரவள்ளிக்கு நடுவில் குந்தியிருந்தார். வலக் காதிலிருந்து இரத்தம் வழிந்தது. துவக்கில் தோட்டா போடும் இடம் புடைத்து, கூடு உள்ளே இறுகிக் கிடந்தது. "ஏன் கத்தாம அழுறாய், புள்ள?" என்று கேட்டார். அவள் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தக் காது திரும்பவில்லை. மற்றதும் வர வர மந்தமாகிவிட்டது. துவக்கைத் திருத்தி மறுபடி சுவரில் மாட்டினார். அதிலிருந்து எடுத்த கூட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ராத்தா அன்று முதல் அவருக்கு இடப்பக்கமாகத்தான் உட்காருகிறாள். ஏச்சு அடியோடு நின்றுவிட்டது. எனக்கென்னவோ அவள் ஏசிய காலமே நிம்மதியாக இருந்தது.

போன மாதம் போயிருந்தேன். மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னர் மூவரும் கதிரை போட்டு வாசலில் இருந்தோம். மச்சானின் கை பைக்குள் போய்வந்துகொண்டிருந்தது. காணியின் கோடியிலிருந்து உறுமல் கேட்டது. பிறகு கிழங்கு முறியும் சத்தம். நான் பதறி எழுந்தேன். ராத்தா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

மச்சான் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்ன புள்ள, ஏதும் சத்தமா?"

ராத்தா அவருடைய இடக் காதுப் பக்கம் குனிந்தாள்.

"ஒண்டுமில்லங்க. காத்து."

அவர் தலையாட்டிவிட்டுக் கூட்டைத் தடவத் தொடங்கினார். கோடியில் இன்னொரு கிழங்கு முறிந்தது.