ஒரு பாலத்துக்கு மட்டும் தைரியம்

மேலப்பாளையத்து ஆட்டோக்காரர் அவர். வெள்ளத்தில் ஆட்டோவோடு இழுபட்டுப் பிழைத்தவர். ஆற்றுப் பாலம் கண்ணில் பட்டதும் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வண்டியைத் திருப்பிவிடுவார்.

முப்பது வருடம் கல்லூரியில் மூளையைப் பற்றிப் பாடம் நடத்திய மேதை நான் சும்மா இருப்பேனா? தினமும் பின்னால் உட்கார்ந்து, ரயில் சந்திப்புக்குப் போகும் பாலத்தைக் கடக்க வைத்தேன். ஒரு மாதத்தில் தொப்பி தலையிலேயே நின்றது. பயம் அழிந்துவிட்டது என்று தீர்ப்பு வழங்கினேன். அதை நம்பி, முக்கூடலில் பிறந்திருந்த தன் பேத்தியைப் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

அங்கே வேறு பாலம். நடுவில் வண்டி நின்றது. தொப்பி பைக்குள் போனது.

"அந்தப் பாலம் பழகிட்டு சார். இது முழுங்க வருதுல்லா."

மூளை பயத்தை அழிப்பதில்லை, மேலே மூடி போடுகிறது, பழகிய இடத்தில்தான் அந்த மூடி பொருந்தும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதியவன் நான்தான்.

பேத்தியைப் பார்க்காமலே திரும்பினோம். என்னை வீட்டில் இறக்கிவிட்டுச் சொன்னார்: "நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்திய சார். எனக்குத்தான் மண்டைல ஏறல. மன்னிச்சிருங்க."

ஏறாதது யாருடைய மண்டையில் என்று அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.