நான் படிக்காமல் போட்ட கையெழுத்து

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்தது ஐந்து பேர். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை பெற்றுவிட்டுப் போனது. ஐந்தும் ஆளாகிவிட்டன. ஒன்றுகூட யார் வாசலிலும் போய் நின்றதில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெருமை எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம்தான். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

பள்ளிக்கூடம் எனக்கு இரண்டாவதோடு சரி. நம்பர் தெரியும். பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன், பஸ் நின்றால். கையெழுத்து மட்டும் பெரிய மகனின் சிலேட்டில் எழுதி எழுதிப் பழகினேன். இனிஷியல் வைத்து, கீழே ஒரு கோடு இழுத்து, அழகாகப் போடுவேன். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்த பெண்கள் வருகைப் பதிவேட்டில் கட்டைவிரலை உருட்டுவார்கள். நான் பேனா கேட்பேன். "கலெக்டரம்மா கையெழுத்து போட வந்துகீது, வழி வுடுங்கடி" என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஜிஎஸ்டி ரோட்டில் தாம்பரம் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். அங்கே குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்கிற பிரிவில் பன்னிரண்டு வருடம் ஆயாவாக இருந்தேன். தரை துடைப்பேன், துணி மாற்றுவேன், எக்ஸ்ரே எடுக்கும்போது குழந்தை அசையாமல் பிடித்துக்கொள்வேன். உதடு நீலமாக வருகிற குழந்தை சிவந்த உதட்டோடு வீட்டுக்குப் போவதை நிறைய பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டரின் கைக்கு அந்தத் திறமை உண்டு. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவருக்குக் கீழே ஒரு சின்ன டாக்டரம்மா வந்தாள். குழந்தை வைத்தியம் படித்து முடித்தவள். ஆபரேஷன் ஆன குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடத்துக்கு வந்தாள். என் கடைசி மகளைவிட வயதில் சின்னவள். படுக்கைப் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்பாள், சோற்று டப்பாவைக்கூட நின்றபடியேதான் தின்பாள். ஆனால் எதுவும் அவள் கையில் இல்லை. மருந்தை ஒரு சொட்டு கூட்டுவதென்றாலும் பெரிய டாக்டரைக் கேட்க வேண்டும். அவள் எழுதிய சீட்டின் அடியில் அவர் கையெழுத்து விழுந்தால்தான் அது உத்தரவு. கேட்டால், இதுகூடத் தெரியாமல் எதற்கு டாக்டர் என்பார். கேட்காவிட்டால், யாரைக் கேட்டுச் செய்தாய் என்பார். இரண்டையும் குழந்தைகளின் தாய்மார் முன்னால்தான் சொல்வார். அவள் தலையைக் குனிந்துகொண்டு "சரி சார்" என்பாள். நான் மாப்பைப் பிழிவதுபோலத் திரும்பிக்கொள்வேன்.

ஒரு விஷயம் அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆபரேஷன் ஆன குழந்தையின் மார்பிலிருந்து ஒரு குழாய் வரும். உள்ளே கசிகிற ரத்தம் அதன் வழியாகக் கீழே ஒரு பாட்டிலில் சேரும். பாட்டிலில் வெள்ளை டேப் ஒட்டியிருப்பார்கள். மணிக்கு ஒருமுறை நர்ஸ் பேனாவால் ஒரு கோடு போட்டு நேரம் எழுதுவாள். கோடு மெல்ல மெல்ல ஏற வேண்டும். பிறகு நாளாக ஆக, கோடுகள் நெருங்கி வரும். அது நல்லது. "ஆனா திடீர்னு நின்னா நல்லதில்ல ஆயாம்மா. குழாய் அடைச்சு, ரத்தம் உள்ளேயே தங்கி இதயத்தை அமுக்கும்" என்றாள். எழுத்து தெரியாவிட்டால் என்ன, கோடு தெரியுமே. அதற்கப்புறம் தரை துடைக்கும்போதெல்லாம் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே துடைப்பேன்.

படப்பையிலிருந்து ஒரு பெண் குழந்தை வந்தது. எட்டு மாதம். அப்பனுக்கு மறைமலை நகரில் கம்பெனி வேலை. காலையில் ஆபரேஷன் முடிந்து, பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, மதியம் இன்னொரு ஆஸ்பத்திரியில் ஆட்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். ஒரு மணிக் கோடும் இரண்டு மணிக் கோடும் ஏறாமல் ஒரே இடத்தில் விழுந்திருந்ததை நான் பார்த்தேன். சின்ன டாக்டரம்மா எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள். அடைப்பு போகக் குழாயை விரலால் உருவிவிட்டாள். மானிட்டரைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

அந்த வார்டுக்குள் செல்போனில் சிக்னல் எடுக்காது. வார்டு லேண்ட்லைனில் வெளியே பேச முடியாது. டாக்டர்களெல்லாம் லிஃப்ட் பக்கத்து ஜன்னலுக்குப் போய்த்தான் பேசுவார்கள். அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு அந்த ஜன்னலடியில் சிந்திக் கிடந்ததைத் துடைக்க என்னை அனுப்பியிருந்தார்கள். மூன்று தடவை அவள் வந்து பேசினாள், மூன்றையும் கேட்டேன். இப்போதும் காதில் இருக்கிறது.

"சார், டிரெயின் டியூப்ல ரத்தம் நின்னுடுச்சு சார். பல்ஸ் ஏறுது, பிரஷர் இறங்குது. நீங்க வரணும் சார்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இவள் "சரி சார், பார்க்கிறேன் சார்" என்று உள்ளே ஓடுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவாள். மூன்றாவது தடவை, ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகச் சொல்லட்டுமா என்று கேட்டாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு "சரி சார், வெயிட் பண்றேன்" என்றாள். அவர் சொல்லாமல் தியேட்டரைத் திறக்க அவளுக்கு உரிமையில்லை.

வாசலில் குழந்தையின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ நல்ல செய்தி என்று சொல்லிவிட்டிருக்கிறார்கள். "ரத்தம் நின்னுட்ச்சாமே ஆயாம்மா? இனிமே பயம் இல்லதானே?" என்றாள். நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

பெரிய டாக்டர் வந்து சேர நாலு மணி ஆயிற்று. பல்லாவரத்தில் டிராஃபிக் என்றார். வந்த வேகத்தில் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சரி செய்தார். குழந்தை கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டது. அதற்கு மாட்டியிருந்த கருப்பு வளையலை நான்தான் கழற்றித் தாயின் கையில் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அந்தக் குழந்தை விஷயமாக விசாரிக்க ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பத்து வருடத்தில் அந்த ஏசி ரூமில் முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார்கள். கப்பில் டீ வந்தது. மேனேஜர் கேட்டார், நான் சொன்னேன், ஒரு பெண் கம்ப்யூட்டரில் அடித்தாள். ஒன்றையும் விடாமல் சொன்னேன். கோடு, ஜன்னல், அவள் பேசிய பேச்சு எல்லாம். முடிந்ததும் இங்கிலீஷில் ஒரு தாள் வந்தது. மேனேஜர் மை டப்பாவைத் திறந்து என் முன்னால் நகர்த்தினார்.

"கைநாட்டுதானேம்மா?"

எனக்குச் சுரீர் என்றது. "பேனா குடு சார்" என்றேன். இனிஷியல் வைத்து, கோடு இழுத்து, அழகாகப் போட்டேன். அந்தத் தாளில் என்ன இருக்கிறது, படித்துக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் படிக்கத் தெரியாதவள் என்று ஆகிவிடுமே. இங்கிலீஷ் தெரியாதது அந்த ரூமில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை, ஆனாலும் கேட்கவில்லை. அந்த டப்பாவை வேண்டுமென்றே நகர்த்தினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்துச் சின்ன டாக்டரம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். கையில் பையும் ஸ்டெதாஸ்கோப்பும். அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் போன் செய்ததைப் பெரிய டாக்டர் மறுக்கவில்லையாம். குழந்தை நன்றாக இருக்கிறது என்றுதான் போனில் சொன்னாள் என்றாராம். அவள் நிஜமாகப் பேசியது காதில் விழுந்த ஆள் நான் ஒருத்திதான். என் தாளில் இருந்ததை அவள் தமிழில் சொன்னாள்: குழந்தைக்கு முடியாமல் இருந்தபோது ஜூனியர் டாக்டர் செல்போனை எடுத்துக்கொண்டு மூன்று தடவை வெளியே போனார். ஜன்னல் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

"நீங்களா ஆயாம்மா இப்படிச் சொன்னீங்க?"

நான் சொன்னதுதான். ஒரு வார்த்தை பொய் இல்லை. எதற்குப் போனாள், என்ன பேசினாள் என்பதை மட்டும் உருவி எடுத்துவிட்டார்கள்.

அப்படியே ஆபீசுக்குப் போனேன். நான் சொன்னது பூரா அதில் இல்லை, வேறு தாள் போடுங்கள் என்றேன். மேனேஜர் பொறுமையாகத் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமா சார்."

"அப்புறம் இன்னாம்மா?"

அந்த 'இன்னா' அவர் பேச்சு இல்லை. எனக்காக இறங்கிப் பேசினார்.

அன்றைக்கே வேலையை உதறிவிட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உதறவில்லை. இன்னும் இரண்டு வருடம் அதே ஜன்னலடியைத் துடைத்தேன். பெரிய டாக்டர் என்னைத் தாண்டிப் போகும்போது "சாப்டியாம்மா?" என்று கேட்பார். முன்னே கேட்டதில்லை. நானும் "ஆச்சு சார்" என்பேன். அதற்கப்புறம் பதிவேட்டில் என் கையெழுத்தைப் போடும்போதெல்லாம் எவளாவது கலெக்டரம்மா என்பாள். சிரிப்பு வராது.

போன மாதம் கொள்ளுப்பேரனுக்குச் சளி. பெருங்களத்தூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் குழந்தை டாக்டர் உட்காருவதாகச் சொன்னார்கள். போனால், அவள். சளியும் வயிற்றுப்போக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எவனும் மறுபடி இதய வார்டில் சேர்த்துக்கொள்ளவில்லையாம். குழந்தையைப் பார்த்தாள், மருந்து எழுதினாள், கீழே அவளே கையெழுத்துப் போட்டாள். அதன் மேல் இன்னொரு கையெழுத்து விழத் தேவையில்லை. மாப் பிழிந்து பிழிந்து வந்த என் முழங்கை வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு ஜன்னலண்டை என் காதுல வுழுந்ததை பூரா எழுதித் தரேன் டாக்டரம்மா. யார்கிட்ட வேணா காட்டு."

"யார்கிட்ட ஆயாம்மா காட்டறது?" என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கை வைத்தவள், அழுத்தாமல் கையை எடுத்தாள். "சரி, குடுங்க. ஆனா இந்தத் தடவை படிச்சுப் பாத்துட்டுக் குடுங்க."

குத்திக் காட்டத்தான் சொன்னாள். சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது.

இவ்வளவுதான். என் பேத்தி கை வலிக்கிறது என்கிறாள், கீழே கையெழுத்துப் போடு பாட்டி என்று பேனாவை நீட்டுகிறாள்.

இரு. பேனாவை அங்கேயே வை. முதல் வரியிலிருந்து ஆரம்பி. ஜன்னலண்டை அவள் பேசினதை நீ எப்படி எழுதியிருக்கிறாய் என்று நான் கேட்க வேண்டும். ஒரு வார்த்தை விடாமல் சத்தமாகப் படி.