மேல் அச்சு யாருடையது?

தார்ன் ஆற்றங்கரை நாணயப் பட்டறையில் சம்மட்டி பிடிப்பவன் பொன்ஸ். அவன் அடிக்கும் வெள்ளிக்காசில் ஒரு பக்கம் பிஷப்பின் சிலுவை, மறுபக்கம் பிரபுவின் நட்சத்திரம். காசு இருவருக்கும் பொது. ஆனால் ஒருவரை ஒருவர் நம்பமாட்டார்கள். அதனால் சிலுவை அச்சு பாதிரியார் ஃப்ரோதார்த்திடமும், நட்சத்திர அச்சு பிரபுவின் காரியக்காரர் இசார்னிடமும் பூட்டிக் கிடக்கும். இருவரும் வந்தால்தான் உலை எரியும்.

கோடையிலிருந்து எரியவில்லை. ஒரு அச்சு கீழே கட்டையில் பதிந்திருக்க வேண்டும், நடுவில் வெள்ளித் தகடு, இன்னொரு அச்சு மேலே. "சிலுவை கீழ கிடக்குமா?" என்று மூக்கால் பேசினார் பாதிரியார். "எங்க பிரபு யாருக்கும் கீழ படுக்கமாட்டார்!" என்று தொண்டையால் கத்தினார் இசார்ன்.

பொன்ஸின் மனைவி அசலாய்ஸ் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். "ஏய்யா, எங்கப்பா தோல் பதனிட ஆள் தேடறாரு. வீட்டோட மாப்பிள்ளையா போயிடு."

மாமனாரின் தோல் தொட்டி நாற்றத்தை நினைத்ததுமே பொன்ஸ் இசார்னிடம் ஓடினான். "எசமான், சம்மட்டி எங்க விழும்னு யோசிச்சீங்களா? மேல இருக்கறவர் மண்டையிலதான். கீழ இருக்கறவர் சொகமா உக்காந்திருப்பாரு."

இசார்னின் மீசை மெல்ல விரிந்தது. "அப்படியா சேதி? பாதிரிக்கே மேல் அச்சைக் குடுத்துடுவோம்டா!"

மறுநாள் வேலை தொடங்கியது. ஒவ்வொரு அடிக்கும் இசார்ன், "ஆகா! இன்னொண்ணு, நடு மண்டையில!" என்று தொடையில் தட்டினார். பத்தாவது காசில் பாதிரியாருக்கு விளங்கிவிட்டது. அச்சைப் பிடுங்கிக்கொண்டார். "இனிமே சிலுவை கீழதான்!"

"கீழ எடம் எங்களோடது!" என்றார் இசார்ன்.

பொன்ஸுக்குத் தோல் தொட்டி மறுபடி நாறியது. "சாமி, கோவப்படாதீங்க. ஆளுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு புதுசா அச்சு வெட்டி, வாரத்துக்கு வாரம் மாத்திக்கலாம். ஒரு வாரம் உங்க தலையில அடி. அடுத்த வாரம் அவங்க தலை. கிட்ட நின்னு கண்ணார பாக்கலாமே?"

பாதிரியார் இசார்னின் தலையை ஒருமுறை அளந்து பார்த்தார். இசார்னும் அவருடையதை அளந்தார். இருவரும் தலையாட்டினார்கள்.

அதற்குப்பின் ஒருநாள்கூட இருவரும் வராமல் இருந்ததில்லை. பிரபுவின் நட்சத்திரம் மேலே இருக்கும் வாரங்களில் பாதிரியார் காலை ஜெபத்தை அரைகுறையாக விழுங்கிவிட்டு வந்துவிடுவார். வந்ததும் பொன்ஸின் காதோரம் குனிந்து, "கொஞ்சம் ஓங்கியே போடுப்பா" என்பார்.

"வாங்கற கூலிக்குக் கொறையாம போடறேன் சாமி" என்று பொன்ஸ் சட்டைக் கையை மடித்துக்கொள்வான்.