வவ்வாலுக்கு வக்கீல் வைத்த பூவம்மாள்

1974இல் பி.எஸ்சி. விலங்கியல் தேறிய கையோடு மெட்ராஸிலிருந்து ரயிலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வம்சத்தில் நான்தான் முதல் பட்டதாரி. கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். திருவள்ளூரில் காலிக் கூடையோடு ஏறிய கொய்யாக்காரப் பூவம்மாள், கேட்காதவர்களில் ஒருவர்.

"எலிக்கடி இன்னா, வவ்வால்கடி இன்னான்னு தெரியுமா, நைனா?"

"அதுக்குத்தானேக்கா பட்டமே!"

"அப்போ எறங்கு."

திருவாலங்காட்டில் என் பெட்டி அவர் தலைமேல் ஏறி முன்னே போனது. நான் பின்னால் ஓடினேன்.

அவர் வீட்டுக்குப் பின்னால் ஓர் இலுப்பை மரம். மரம் கொள்ளாமல் பழந்தின்னி வவ்வால்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவற்றைத் திட்டாமல் அவர் பல் துலக்கியதில்லையாம். "ஊரெல்லாம் சுத்திட்டு இப்போ தொங்கினுகீறீங்களா, சோம்பேறிங்களா!" அத்தனையும் செல்லம். தோப்புக் கொய்யாவை அவைதான் கடிக்கின்றன என்று, கொழுந்தன் தணிகாசலம் அன்றைக்கு இலுப்பை மரத்தை வெட்ட ஆளோடு வந்து நின்றார்.

"யாரு அண்ணி இந்தப் பையன்?"

"எங்க வவ்வாலுக்கு வக்கீலு!"

பக்கத்துத் தோப்பில் கீழே கிடந்த கொய்யாக்களைப் பொறுக்கினேன். "வவ்வால் பழத்தை மென்னு, சாறைக் குடிச்சிட்டு சக்கையைத் துப்பும். இங்க சக்கையே இல்லை. பாருங்க, உளியால கீறின மாதிரி ஜோடிப் பல்லு. இது கொறிக்கிற ஜாதி."

"எலி நுனிக் கொப்புல தொங்கித் தின்னுமா? போப்பா, பேஜாரு பண்ணாத."

பட்டத்துக்கே இழுக்கு! புதுப் பேண்ட்டோடு கொய்யா மரத்தில் ஏறினேன். கிளைக் கவட்டில் பந்துபோல ஒரு புல்கூடு. தொட்டேன். கட்டைவிரல் பருமனில் செம்பழுப்பாக ஒன்று பாய்ந்து, உடம்பைவிட நீண்ட வாலோடு தணிகாசலத்தின் சட்டைக்குள் இறங்கியது.

"மர எலி! நீளவால் மர எலி! எங்க காலேஜ்லகூட படமாத்தான் காட்டுனாங்க! கொன்னுடாதீங்க!"

"நானா கொல்றேன்? அதுதான்யா என்னைக் கொல்லுது!"

அவர் ஆடிய ஆட்டத்தில், மரம் வெட்ட வந்தவர் கோடாலியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார். பூவம்மாள் கைதட்டித் தாளமே போட்டார். சட்டைக் கைவழியே வெளிவந்த எலி வேலிக்குள் ஓடி மறைந்தது.

"சரி அண்ணி, மரம் இருக்கட்டும்," என்றார் தணிகாசலம் மூச்சு வாங்க. "ஆனா இந்த வக்கீலை மட்டும் மறுபடி கூட்டினு வராதீங்க."

அழைக்காமலே பலமுறை போனேன்.

பூவம்மாள் இப்போது கும்மிடிப்பூண்டியில், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனோடு இருக்கிறார். இலுப்பை மரத்தையும் வவ்வால்களையும் தணிகாசலம் பார்த்துக்கொள்கிறார்.